சிஞ்ஞோராவின் தேத்தண்ணிக் கோப்பைகள்

பெரூஜா, இத்தாலி
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அப்பம்மாவும் தம்பியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். வெள்ளிக்கிழமை காசு போட்டேன், கிடைத்ததா என்று தம்பியை ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.

போன கிழமை தொலைபேசியில், "நீ பார்க்கிற அந்த அம்மா எப்படிப்பட்டவ?" என்று கேட்டீர்கள். அந்த நேரம் பார்த்து அவர் கூப்பிட்டுவிட்டார். இன்றைக்கு அவர் நித்திரை. ஆறுதலாக எழுதுகிறேன்.

நான் சிஞ்ஞோரா, எங்கள் பேச்சில் அம்மா, என்றுதான் கூப்பிடுவேன். வயது 86. மகன் வேறு ஊரில், ஞாயிறுகளில் வருவார். வேலை கஷ்டமில்லை. குளிக்க வார்ப்பது, மருந்து கொடுப்பது, சமைப்பது. பாஷைதான் முதலில் பயமாக இருந்தது. வந்த முதல் நாள் அவர் சமையலறையைக் காட்டி "குச்சீனா" என்றார். எங்கள் குசினியேதான்! போர்த்துக்கீசர் எங்களிடம் விட்டுப்போன சொல் இங்கே தன் உறவுக்காரரோடு இருக்கிறது. அன்றைக்கே பாதிப் பயம் போய்விட்டது.

அந்தக் குச்சீனாவுக்குப் பக்கத்து அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் ஒரு தேத்தண்ணி செட். கேத்தில் மாதிரி மூக்கு வைத்த பெரிய போச்சி ஒன்று, சீனிக் கிண்ணம், பால் குவளை, ஆறு கோப்பை, ஆறு பீரிசு. வெள்ளையில் நீலமும் மஞ்சளும். ஒவ்வொன்றிலும் கொடியாகச் சுருண்ட வால் வைத்த ஒரு பறவைநாகம், வாயால் காற்று ஊதுகிறது. இந்தச் சித்திரத்துக்கு இங்கே ராஃபேலெஸ்கோ என்று பெயர். அது ஊதுவது கடலில் போன கப்பல்களை நல்லபடி கரைக்குக் கொண்டுவரும் காற்று என்று சொல்வார்கள். அதைக் கேட்ட பிறகு தூசு தட்டும்போதெல்லாம் அதன் முகத்தை ஒரு தரம் பார்க்காமல் விடமாட்டேன்.

இத்தாலியர் கோப்பிக்காரர். தேத்தண்ணி வயிறு சரியில்லாத நாளில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடிக்கிற சாமான். அப்படியிருக்க இந்த செட் எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன். கல்யாணத்துக்குச் செய்தது என்றார். யார் செய்தது என்றேன். தன் இரண்டு கையையும் மேசையில் வைத்துக் காட்டினார். அம்மா, இப்போது அந்தக் கைகளுக்குக் கரண்டி பிடிக்கவே நடுக்கம்.

இந்த ஊருக்குத் தெற்கே, 20 கிலோமீட்டருக்குள், தெரூத்தா என்று ஒரு சின்ன ஊர், மலைமேல். கீழே தைபர் ஆறு ஓடுகிறது. அங்கே நூற்றாண்டுகளாக மண்பாண்டம்தான் தொழில். 1898லேயே அதற்கென்று மியூசியம் தொடங்கிவிட்டார்கள். சிஞ்ஞோரா 14 வயதில் அங்கே ஒரு பட்டறையில் சேர்ந்திருக்கிறார். முதல் வருசம் முழுக்கக் கோடு மட்டும். சுற்றுப்பலகையில் தட்டை வைத்துச் சுழற்றிவிட்டு, தூரிகையை அசையாமல் பிடிக்க வேண்டும். கோடு தானாக வட்டமாக விழும். கை அசைந்தால் கோடு தன்னைத்தானே சந்திக்காதாம்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அப்பம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். மண்ணை ஒரு தரம் சுட்டபின், வெள்ளீயம் கலந்த மெருகுக் கரைசலில் முக்கி எடுப்பார்கள். அது காய்ந்தால் மா பூசினது போல இருக்கும், விரல் பட்டாலே ஒட்டும். அதன்மேல்தான் வரைய வேண்டும். தூரிகை தொட்ட உடனே அந்த மா நீரை உறிஞ்சிக் குடித்துவிடும். அழித்துத் திருத்தவே முடியாது. படத்தின் வெளிக்கோட்டுக்கு மட்டும் உதவி உண்டு: கடதாசியில் ஊசியால் வரிசையாகத் துளை குத்தி, அதைப் பாத்திரத்தில் வைத்து, துணியில் கட்டிய கரித்தூளால் தட்டுவார்கள். புள்ளி விழும், அதன் வழியே தூரிகையால் கோடு போடுவார்கள். சூளையில் கரி எரிந்து போய்விடும், கோடு நிற்கும்.

நிறங்களும் வரையும்போது உண்மை நிறம் காட்டா. நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குச் செம்பு, கத்தரிப்பூ நிறத்துக்கு மங்கனீஸ். இரண்டாம் சூட்டில் 900 பாகைக்கு மேலே போய், சூளை ஆறித் திறக்கும்போதுதான் உண்மையான நீலம் தெரியும். "திறக்கிற காலையில் ஒருத்தரும் கதைக்க மாட்டோம்" என்றார் சிஞ்ஞோரா. தன் கல்யாண செட்டை, வேலை முடிந்த பிறகு இருந்து, ஒரு குளிர்காலம் முழுக்க வரைந்தாராம். பீரிசைத் திருப்பினால் அடியில் "தெரூத்தா, கையால் வரைந்தது" என்று இத்தாலிய மொழியில் எழுதி, பக்கத்தில் அவர் பெயரின் முதல் எழுத்து, மிளகளவு. சூளையில் தாங்கி வைத்த முக்காலியின் மூன்று புள்ளி வடுவும் இருக்கிறது.

அந்தப் பீரிசில் ஒன்றைத்தான் அம்மா நான் போன மாதம் உடைத்துவிட்டேன்.

துடைத்து வைக்கும்போது அலுமாரிக் கதவில் பட்டு, ஓரத்தில் ஒரு துண்டு போய்விட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அழுதுவிட்டேன். சிஞ்ஞோரா துண்டை வாங்கி, உடைந்த பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தார். அந்தப் பளபளப்பு எல்லாம் நகத்தளவு மேல்தோல்தான். உள்ளே வெளிறிய செங்கல் நிறம், எங்கள் வீட்டு ஓடு மாதிரி. "இந்த மண்ணைப் பார்த்து எத்தனை வருசம்" என்று விரலால் தடவிக்கொண்டே இருந்தார். என்மேல் ஒரு சொல் கோபமில்லை.

அடுத்த ஞாயிறு மகனின் காரில் எங்களைத் தெரூத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். மதோன்னா தெய் பாஞ்ஞி என்று பெயர். அங்கே பீடத்தில் இருப்பது ஒரு உடைந்த கோப்பையின் அடித்துண்டு. அதில் மாதாவும் குழந்தையும். வழியில் கிடந்ததை யாரும் மிதிக்கக் கூடாது என்று ஒரு துறவி எடுத்து ஓக் மரத்துக் கிளையில் வைத்தாராம். 1657ல் ஒரு சில்லறை வியாபாரி அதை மரத்தில் நன்றாகப் பொருத்தி, சாகக் கிடந்த மனைவிக்காக வேண்டினார். வீட்டுக்குப் போனால் மனைவி எழுந்து வீடு கூட்டிக்கொண்டிருந்தாளாம். நன்றிக்கு ஒரு ஓடு வரைந்து கொண்டுவந்து வைத்தார். அதிலிருந்து ஊர்ச்சனம் வைத்துக்கொண்டே வந்து, இப்போது சுவரில் 600க்கு மேல் ஓடுகள். மரத்தால் விழுந்தவர், மாட்டு வண்டிக்குள் அகப்பட்டவர், பிள்ளைப்பேற்றில் தப்பினவர், பிறகு வந்த காலத்தில் கார் விபத்து. எல்லாம் அதே நீலம், அதே மஞ்சள். நான் ஒவ்வொன்றாகப் பார்த்து நின்றேன், எங்கள் சனத்தில் தப்பி வந்தவர்களை நினைத்துக்கொண்டு. சிஞ்ஞோரா தள்ளுவண்டியில் இருந்தபடி கண்ணை மூடியிருந்தார்.

வந்ததும் அந்தக் கோப்பைகளில் தேத்தண்ணி குடித்தோம். பழைய மெருகில் ஈயம் இருக்கும், புளி பட்டால் இறங்கும் என்று மகன் வழக்கமாக விடமாட்டார். அன்றைக்கு மட்டும் எலுமிச்சை இல்லாமல், ஒரே ஒரு கோப்பை. இலங்கைத் தேயிலை. உடைந்த பீரிசைத் தனக்குத்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

அப்போது கேட்டார், உங்கள் வீட்டில் எதில் குடிப்பீர்கள் என்று. அப்பம்மாவின் பித்தளை மூக்குப்பேணியைச் சொன்னேன். வாய் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பதைக் கையால் காட்டினேன். மிகவும் சந்தோசப்பட்டார். பிறகு, "அதை யார் செய்தது?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை அம்மா. எத்தனை ஆயிரம் தரம் அதில் குடித்திருப்பேன்.

பழைய பித்தளைச் சாமானை நிறைக்கு விற்கப் போவதாகத் தம்பி சொன்னான். மூக்குப்பேணியை மட்டும் விற்க வேண்டாம். அப்பம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும் விடியப்புறத்தில் கேட்டுப் பாருங்கள், யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் வாங்கினதா, அதைச் செய்த கன்னார் யார், என்ன பெயர் என்று. அடியில் எழுத்து ஏதும் வெட்டியிருந்தால் தம்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சிஞ்ஞோரா ஒவ்வொரு நாளும் கேட்கிறார்.

உங்கள் அன்பு மகள்