பயிற்சித் துறைத் தலைவர்களுக்கு, சுருக்கப் பெயர்கள் குறித்து ஒரு திறந்த மடல்

பயிற்சித் துறைத் தலைவர்களுக்கும், பாடப் பொருளைச் சரிபார்த்துத் தரும் துறை வல்லுநர்களுக்கும் வணக்கம்.

உங்கள் ஊழியர்களுக்கான பாடங்களை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் அனுப்பும் கோப்புகளில் வரிக்கு வரி வரும் சுருக்கப் பெயர்களைப் பற்றித்தான் இந்த மடல்.

முதல் கூட்டத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. "எஸ்.எம்.இ. ஓகே சொன்னால் வி.ஐ.எல்.டி.யாகப் போகலாம், எல்.எம்.எஸ்.ஸில் ஸ்கார்ம் 1.2தான் ஏறும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறீர்கள். துறை வல்லுநர் ஒப்புக்கொண்டால் இணையத்தில் நேரலை வகுப்பாக நடத்தலாம். பாடங்களை ஏற்றி நடத்தும் மென்பொருள் 2001இல் வந்த பழைய வடிவத்தை மட்டுமே ஏற்கும். சொல்ல வந்தது இவ்வளவுதான். நிதித் துறையிலிருந்து வந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால், எஸ்.எம்.இ. என்றதும் சிறு, நடுத்தர நிறுவனங்களைப் பற்றிப் பேசுவதாகவே நினைப்பார். ஆனால் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. 'இதுகூடத் தெரியாதா' என்று பார்த்துவிடுவார்களோ என்ற பயம். அனுபவம் உள்ளவர்களுக்கே இந்தப் பயம் என்றால், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பயிற்சிக்கு வருபவர் என்ன செய்வார்?

பராமரிப்புப் பிரிவில் "லோட்டோ போட்டாச்சா?" என்று கேட்பார்கள். இயந்திரத்துக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தி, ஸ்விட்சை யாரும் மறுபடி போட முடியாதபடி பூட்டி, 'வேலை நடக்கிறது, இயக்காதே' என்ற அட்டையைப் பூட்டியவர் பெயரோடு மாட்டுவதற்குத்தான் அந்தப் பெயர். புரியாத புதியவர் கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்துக்குள் கை விட்டிருப்பவர் அந்தத் தலையாட்டலை நம்பித்தான் வேலை செய்கிறார்.

மருத்துவத் துறை இந்த ஆபத்தை நன்றாகவே அறியும். எம்.எஸ். என்று எழுதினால் மார்ஃபின் சல்ஃபேட்டாகவும் இருக்கலாம், மெக்னீசியம் சல்ஃபேட்டாகவும் இருக்கலாம். இன்சுலின் அளவில் யூனிட் என்பதற்குப் பதிலாக 'யூ' எழுத்தை மட்டும் போட்டால், அதைச் சைபராகப் படித்துப் பத்து மடங்கு மருந்து கொடுத்துவிட வாய்ப்புண்டு. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன், 2004இல் பயன்படுத்தவே கூடாத சுருக்கங்களின் பட்டியலைக் கொண்டுவந்தது. பக்கத்தில் விளக்கம் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை, எழுதாதீர்கள் என்றே சொல்லிவிட்டது.

நம் பாடங்களிலோ, கடைசிப் பக்கத்தில் ஓர் அகராதியைச் சேர்த்துவிட்டால் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். பாடத்தின் நடுவே திணறுபவர் கடைசிப் பக்கம் வரை போய்த் திரும்பி வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மனம் ஒரே நேரத்தில் கொஞ்சம்தான் தாங்கும் என்பதைக் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988லேயே தன் ஆய்வில் முன்வைத்தார். அந்தக் கொஞ்சத்தையும் எழுத்துகளை அவிழ்ப்பதிலேயே செலவழித்துவிட்டால், பாடத்துக்கு என்ன மிஞ்சும்?

ஒவ்வொரு சுருக்கத்தையும் ஒரே ஒரு கேள்வியால் சோதித்துப் பாருங்கள்: நாளை வேலையிடத்தில் ஊழியர் இதைப் பார்ப்பாரா, கேட்பாரா? எச்சரிக்கைப் பலகையிலோ, கணினித் திரையிலோ, கூட வேலை செய்பவர் பேச்சிலோ வரும் என்றால் அதுவும் பாடம்தான். வரும் இடத்திலேயே விரித்துச் சொல்லி, படம் காட்டி, கேள்வி கேட்டுப் பழக்குவோம். வராது என்றால் தாட்சண்யம் பார்க்காமல் எடுத்துவிடலாம். திட்டங்களின் உள்பெயர்கள், குழுக்களின் பெயர்கள், படிவ எண்கள் எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான்.

அப்புறம் இன்னொன்று. கூட்டத்தில் புரியாததை முதலில் கேட்பவர் நீங்களாகவே இருங்கள். தலைவர் கேட்டுவிட்டால் மற்றவர்களுக்கும் கூச்சம் விட்டுப்போகும்.

அடுத்த கோப்பை அனுப்பும் முன், புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் அதை அச்செடுத்துக் கொடுத்து, புரியாத இடங்களை எல்லாம் வட்டம் போடச் சொல்லுங்கள். அந்தத் தாளையும் சேர்த்து அனுப்பினால், நாங்கள் அங்கிருந்தே வேலையைத் தொடங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
உங்களுக்காகப் பாடம் வடிவமைக்கும் ஒருவர்