பட்டறை நேரத்தில் கை வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொழிற்கல்வியில் டிஜிட்டல் தொழில்நுட்பம் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வேலையைத் திரையில் செய்து பழக உதவும் சிமுலேட்டர்கள் வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அவற்றைக் காரணம் காட்டிப் பட்டறை நேரத்தைக் குறைத்துவிடுவார்களோ என்பதுதான் என் கவலை.

வெல்டிங் சிமுலேட்டரின் பலன் கண்கூடு. டார்ச்சைப் பிடித்திருக்கும் கோணம், கை நகரும் வேகம், உலோகத்தை உருக்கும் மின்பொறியான ஆர்க்கின் நீளம் ஆகியவற்றில் எது பிசகினாலும் அந்த நொடியே திரையில் தெரிந்துவிடும். வகுப்பில் உள்ள அத்தனை பேரின் கையையும் ஒரே பயிற்றுநர் அப்படிக் கவனிக்க முடியாது. தகடும் எலக்ட்ரோடும் வீணாவதில்லை. கணினி நிரலால் இயங்கும் சிஎன்சி இயந்திரத்திலும் அப்படித்தான். நிரலில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினாலே வெட்டும் டூல் பாய்ந்து சென்று, பொருளைப் பிடித்திருக்கும் சக்கில் மோதிவிடலாம். அந்தத் தவற்றைத் திரையிலேயே செய்து பார்த்துவிட்டால் இயந்திரமும் தப்பும், மாணவரின் பயமும் தெளியும்.

ஆனால், மெல்லிய தகடு சூட்டில் நெளிவதையும், தலைக்கு மேல் பற்றவைக்கும்போது தீப்பொறி கழுத்தோரம் விழுந்தும் கை நடுங்காமல் இருப்பதையும் எந்தத் திரை கற்றுத்தரும்? டூல் மழுங்கியதை, லேத் எனும் கடைசல் இயந்திரத்தின் சத்தத்திலேயே கண்டுகொள்ளும் காது, லேத்தின் அருகில் நின்றால்தான் வாய்க்கும். 2020-ல் பெருந்தொற்றுக் காலத்தில் பாடங்களைக் கைபேசி வழியாக ஓரளவு நடத்த முடிந்தது. செய்முறைப் பயிற்சிதான் முடங்கிப்போனது. ஆகவே, சிமுலேட்டருக்கு ஒதுக்கும் நேரம் பட்டறை நேரத்தோடு கூடுதலாகச் சேர வேண்டும்.

பயிற்றுநர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிஎன்சிக்கு முன்னோடியான, எண் கட்டுப்பாட்டில் உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் இயந்திரத்தை அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகம் 1952-லேயே இயக்கிக் காட்டியது. 1996 முதல் அந்நாட்டில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களில், கோளாறைக் கணினியால் படித்தறியும் ஓபிடி-2 வசதி கட்டாயம். தொழில் இப்படி ஓடிக்கொண்டிருக்க, பயிற்றுநர்களை மட்டும் தாங்கள் படித்த காலத்திலேயே நிறுத்திவைப்பது அநியாயம். விற்பனையாளர் வந்து அரை நாள் விளக்கிவிட்டுப் போவதைப் பயிற்சி என்று கணக்கில் எழுதுகிறார்கள். பயிற்றுநர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது ஊதியத்தோடு ஆலைக்கு அனுப்பி வேலை செய்ய வைக்க வேண்டும். கருவி வாங்கும் குழுவிலும் அவர்களுக்கு இடம் வேண்டும். மென்பொருள் உரிமத்தைப் புதுப்பிக்கவும் பழுது பார்க்கவும் முதல் நாளே பணம் ஒதுக்காவிட்டால், வாங்கிய கருவி உறை போட்டபடியே கிடக்கும்.

தேர்வு முறைக்கும் இது பொருந்தும். சிமுலேட்டரில் எத்தனை மதிப்பெண் எடுத்திருந்தாலும், சான்றிதழுக்கான தேர்வை உண்மையான தகட்டில்தான் நடத்த வேண்டும். பற்றவைத்த இடத்தை வளைத்துப் பார்த்து, வரம்புக்கு மீறிய விரிசல் இல்லையென்றால் மட்டுமே தேர்ச்சி தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டிங் பயிற்றுநர்