விடியற்காலையில் மைதானக் கேற்றைத் திறந்துவிடக் கோரும் மனு

விளையாட்டு மைதானங்களுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்களுக்கு,

ஐயா,

வணக்கம். கொழும்பில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நெடுந்தூர ஓட்டம் பழக்குகிறவன் நான். இதே விஷயமாக முன்னர் கொடுத்த மனுக்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. முதல் மனுவை வாங்கி முத்திரை குத்தித் தந்தார்கள். அடுத்ததைப் பற்றி விசாரித்தபோது கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். எந்த மேலே என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இந்த முறை பெற்றோரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள், எல்லாரும் பார்க்கட்டும் என்று இணையத்திலும் போடுகிறோம்.

எந்த மைதானம் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. துறைமுகத்துக்குப் போகிற கொன்டெய்னர் லொறிகள் வரிசை கட்டி நிற்கும் அந்த ரோட்டும், வெடித்த மதிலும், பெரிய பூட்டுப் போட்ட கேற்றும் தாங்கள் நன்றாக அறிந்தவை. போன விளையாட்டு விழாவுக்கு அந்தக் கேற்றால்தான் உள்ளே வந்தீர்கள்.

1. கேற் திறப்பது காலை எட்டு மணிக்கு. பாடசாலை தொடங்குவது ஏழரைக்கு. ஆகவே படிக்கிற பிள்ளைக்குக் காலை மைதானம் என்று ஒன்று கிடையாது. பின்னேரம் உதைபந்தாட்டக் கழகங்களும் கிரிக்கெட் பெடியன்களும் வந்துவிடுவார்கள், அவர்களுக்கும் வேறு இடமில்லை, குறை சொல்ல மாட்டேன். அது முடிய டியூஷன், அப்புறம் இருட்டு.

2. ஏன் காலையே வேண்டும் என்று ஒருவர் கேட்டார், அதனால் சொல்கிறேன். நெடுந்தூர ஓட்டம் என்பது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி முடிப்பதல்ல. வாரத்தில் ஓடுகிற தூரத்தில் பெரும்பகுதி, பக்கத்தில் வருகிறவரோடு கதைத்துக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டம். இதயத்தின் பலத்தையும் தசைக்குள் இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் வளர்ப்பது அதுதான். அதற்கு மேல் ஒரு நாள், இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியாத வேகத்தில் இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். இன்னொரு நாள் 1000 மீற்றரை ஐந்து தரம், இடையில் இரண்டு மூன்று நிமிட மெல்லோட்டத்தோடு. இவை மாதக்கணக்கில் விடாமல் நடந்தால்தான் ஒரு பிள்ளையின் 3000 மீற்றர் நேரம் இறங்கும். கொழும்பில் வெயில் ஏறிய பிறகு இந்த வேலை நடக்காது. ஈரக் காற்றில் வியர்வை காயாமல் வழிந்து போகும், காயாத வியர்வை உடம்பைக் குளிர வைக்காது. சூட்டை இறக்க உடம்பு இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும்போது காலுக்குப் போவது குறையும், அதே வேகத்துக்கு நெஞ்சு கூடுதலாக அடிக்க வேண்டிவரும். வேகம் வராது, களைப்பு மட்டும் மிஞ்சும். நாளிலேயே குளிர்ந்த நேரம் விடியலை ஒட்டிய நேரம்தான், எங்களுக்கு வேண்டியது ஐந்து மணியிலிருந்து ஆறேகால் வரை.

3. கேற் பூட்டிக் கிடப்பதால் பிள்ளைகள் எங்கே ஓடுகிறார்கள் தெரியுமா ஐயா? ரோட்டில். அந்த ரோட்டில். நடைபாதையில் பாதி இடத்தில் முச்சக்கர வண்டிகள், மீதியில் கொங்கிரீட் மூடி உடைந்த கான். ஆகவே தாரில் இறங்கி, நிற்கிற லொறிக்கும் ஓடுகிற லொறிக்கும் நடுவே போக வேண்டும். இருட்டில் சாரதிக்கு ஒரு பிள்ளை தெரியுமா? இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டிய பயிற்சியில் சந்திக்குச் சந்தி நிற்கிறார்கள், நின்ற இடத்தில் பயிற்சியும் போய்விடுகிறது. தாரில் ஓடி ஓடி முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு நோவு வராத பிள்ளை என்னிடம் இல்லை.

பெண் பிள்ளைகளின் கதை இதைவிட மோசம். விடியமுன் அந்த ரோட்டில் மகளை ஓடவிட எந்தத் தாய் சம்மதிப்பாள்? ஒவ்வொருத்தியாக நின்றுவிட்டார்கள். நிற்காத ஒருத்தி இருக்கிறாள். தகப்பன் கேற்றடியில் சைக்கிளோடு நிற்பார், அவர் கண்ணில் படுகிற தூரத்துக்குள், மதிலோரமாகக் கேற்றிலிருந்து மின்கம்பம் வரைக்கும் போய்ப் போய்த் திரும்புவாள். நூறு மீற்றர்கூட இருக்காது. ஒவ்வொரு தரமும் இடது காலை ஊன்றித் திரும்புவதால் அந்தப் பக்கத்துச் சப்பாத்தின் வெளி ஓரம் மட்டும் துணி தெரியத் தேய்ந்துவிட்டது, இப்போது இடது இடுப்பிலும் நோவு என்கிறாள். மதிலுக்கு அந்தப் பக்கம் முழு மைதானமும் புல்லோடு சும்மா கிடக்கிறது. இதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி ஐயா ஸ்டொப்வோச்சைப் பிடிப்பது?

4. காலிமுகத்திடலுக்குப் போகலாமே என்றார்கள். முகத்துவாரத்திலிருந்து நாலரை மணிக்கு ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை எந்த பஸ்ஸில், யாரோடு போகும்? போய் ஓடி, திரும்பி வந்து, ஏழரைக்குப் பாடசாலையிலும் இருக்க வேண்டும்.

5. சுகததாச விளையாட்டரங்கில் இருப்பது போன்ற செயற்கைத் தடம் நாங்கள் கேட்கவில்லை. புல்தரை போதும். 400 மீற்றரை நாங்களே அளந்து சுண்ணாம்புக் கோடு போடுவோம். விளக்கும் கேட்கவில்லை, டோர்ச் கொண்டு வருவோம். கேட்பது ஒரு திறப்பு. திங்கள், புதன், வெள்ளி, சனி, நான்கு நாள் காலை ஐந்து மணிக்குக் காவலாளி கேற்றைத் திறந்துவிட்டால் போதும். அவருக்கு அது மேலதிக வேலை என்றால் திறப்பின் பிரதி ஒன்றை எங்களிடம் தாருங்கள், பதிவேட்டில் கையெழுத்து வைத்து வாங்குகிறோம், ஆறேகாலுக்குப் பூட்டிவிட்டுத் திருப்பித் தருகிறோம். ஏதும் உடைந்தால் பொறுப்பு என்னுடையது, எழுதித் தரவும் தயார்.

6. கொழும்பு 7 இல் சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி விடியமுன்னமே ஆட்கள் ஓடுகிறார்கள். நல்ல விஷயம், ஓடட்டும். கொழும்பு 13, 15 இல் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கும் அதே கால்தானே, அதே நெஞ்சுதானே? 1970 இல் பாங்கொக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் லூசியன் ரோசா 5000 மீற்றரிலும் 10,000 மீற்றரிலும் தங்கம் வென்றார் என்று பரிசளிப்பு மேடையில் பெருமையாகச் சொல்கிறீர்கள். மலையகத்திலிருந்து வந்த நெடுந்தூர ஓட்ட வீரர் குமார் சண்முகேஸ்வரன் பெயரைச் சொல்லி எங்கள் பிள்ளைகளைத் தட்டிக்கொடுக்கிறீர்கள். தட்டிக்கொடுத்தது போதும் ஐயா, கேற்றைத் திறவுங்கள்.

7. மாகாணப் போட்டி வருகிறது. நெடுந்தூரப் பயிற்சியைக் கடைசி இரண்டு வாரத்தில் செய்து முடிக்க முடியாது. நீங்கள் ஒரு கடிதத்தைத் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் ஒரு பிள்ளையின் ஒரு பருவம்.

கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். தங்கள் மீது எங்களுக்கு மரியாதை உண்டு, நம்பிக்கையும் இன்னும் உண்டு, அதனால்தான் மறுபடி எழுதுகிறோம். நான்கு நாள், ஐந்து மணி முதல் ஆறேகால் வரை, ஒரு கேற். தயவுசெய்து திறந்துவிடுங்கள். முடியாது என்றால் முடியாது என்றாவது காரணத்தோடு எழுத்தில் தாருங்கள். பதிலைத் தமிழில் அனுப்பினால் பெற்றோரும் வாசிப்பார்கள்.

இப்படிக்கு,
நெடுந்தூர ஓட்டப் பயிற்றுவிப்பாளரும் பிள்ளைகளின் பெற்றோரும்
கொழும்பு வடக்கு

இணைப்பு: முன்னைய மனுக்களின் பிரதிகள், பெற்றோர் கையெழுத்துகள்