பில் கட்டினால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் வேலை செய்கிற நம் பிள்ளைகளுக்கு, அம்மா அப்பாவையும் சேர்த்து மருத்துவக் காப்புறுதி போட்டுக் கொடுக்கிற கம்பனிகள் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் அட்டையோடு வருகிற புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். அறைக்கு எவ்வளவு, சத்திரசிகிச்சைக்கு எவ்வளவு, மூக்குக்கண்ணாடிக்கு எவ்வளவு, எந்தெந்த ஆஸ்பத்திரியில் கையிலிருந்து காசு கட்டாமல் படுக்கலாம், எல்லாம் இருக்கும். இந்தத் திட்டத்தில் உள்ள பிரஷர்காரர்களில் எத்தனை பேருக்குப் பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி இருக்காது.

அமெரிக்காவில் எந்த டொக்டரிடம் போகலாம் என்பதைக் காப்புறுதிக் கம்பனியே வரையறுக்கிற திட்டங்கள் அதிகம். செலவு குறைந்தால் கம்பனிக்கு லாபம், அதற்காக வைத்தியத்தையும் சேர்த்துக் குறைக்கிறார்களோ என்ற சந்தேகம் தொழிலாளருக்காகப் பிரீமியம் கட்டுகிற பெரிய முதலாளிமாருக்கே வந்தது. 1990இல் தொடங்கிய என்சிகியூஏ என்ற இலாபநோக்கற்ற அமைப்பு, ஹீடிஸ் என்ற அளவீடுகளை வைத்துத் திட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காட்டுகிறது. குழந்தைக்கு 2 வயதுக்குள் தடுப்பூசிகள் போட்டாயிற்றா, பிரஷர் உள்ளவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு 140/90க்குக் கீழே இருக்கிறது, மனநல வார்டிலிருந்து வீட்டுக்குப் போனவரை 7 நாளுக்குள் யாராவது பார்த்தார்களா என்று சாதாரணக் கேள்விகள்தான். இன்னொரு பக்கம் நோயாளிகளிடமே, டொக்டர் கவனமாகக் கேட்டாரா, விளங்குகிற மாதிரிச் சொன்னாரா என்றும் விசாரிக்கிறார்கள்.

இந்தக் கடைசிக் கேள்வியை நம்மவர்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்! என் மனைவியை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது பில்லைக் கம்பனி ஒரு சதம் குறையாமல் கட்டியது, ஆனால் எந்தக் குளிசையை எப்போது குடிப்பது என்று தமிழில் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. கம்பனியின் கணக்கில் அதுவும் நல்லபடியாக முடிந்த கிளெய்ம்தான்.

அளப்பதிலும் சிக்கல் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. கிளினிக்குக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளம் கிடைக்காது என்று பயந்து போகாமலிருக்கிற தோட்டத்துப் பெண்ணையும், வீட்டு வாசலில் கார் நிற்கிற கொழும்புக்காரரையும் ஒரே கோலால் அளந்தால், ஏழைகளைச் சேர்த்துக்கொண்ட திட்டம்தான் மோசமானதாகத் தெரியும், அப்புறம் ஏழைகளைச் சேர்க்கவே கம்பனிகள் தயங்கும். அமெரிக்காவிலும் இந்தப் பிரச்சினை வந்துதான், முக்கியமாக முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதியான மெடிகேரில், திட்டங்களின் தரத்துக்கு நட்சத்திரம் போடும்போது வறியவர்கள், உடற்குறைபாடு உள்ளவர்கள் எத்தனை பேர் என்பதையும் 2017 முதல் கணக்கில் எடுக்கிறார்கள்.

பிரஷர், சீனி அளவெல்லாம் எங்களிடம் இல்லை, அரசாங்கக் கிளினிக்கில்தானே மருந்தெடுக்கிறார்கள் என்று கம்பனிகள் சொல்லலாம். சரி, கையில் இருப்பதிலிருந்தே தொடங்கட்டும். வீட்டுக்குப் போனவர்களில் எத்தனை பேர் 30 நாளுக்குள் அதே வருத்தத்துக்குத் திரும்பவும் வார்டில் படுத்தார்கள் என்பது கிளெய்ம் கோப்புகளிலேயே இருக்குமே. அதை வருடா வருடம் வெளியிடச் சொல்லி இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு கேட்கலாம். அது நடக்கும்வரை, பிள்ளைகள் வேலை செய்கிற இடங்களில் காப்புறுதியைப் புதுப்பிக்கிற நேரம் வரும்போது, பிரீமியம் எவ்வளவு என்று கேட்கிற அதே கூட்டத்தில் இந்தக் கணக்கையும் எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஹட்டன்