மதியச் சாப்பாட்டு வரிசை குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கோ-கோ அணி இந்த ஆண்டும் பரிசு வாங்கியது. திருக்குறள் ஒப்பித்தலில் பிள்ளைகள் நன்றாகவே செய்தார்கள். உழைத்த எல்லோருக்கும் பாராட்டு. தேர்ச்சி அட்டை ஜனவரியில் கிடைக்கும்.

சரி, மதியச் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

நம் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளும் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவரும் பிள்ளைகளும் தாழ்வாரத்தில் ஒரே பந்தியாக உட்காருகிறார்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும் வரிசைதான் உட்காரும் வரிசை. வாரத்துக்கு நான்கு பேர் முறைவைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். போன மாதம் ஒரு மாணவி செம்போடு வந்தபோது இரண்டு பிள்ளைகள் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டார்கள். “வீட்டில் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க” என்றார்கள். அந்தப் பெண் அழவில்லை. செம்பை ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடாமல் வகுப்புக்குப் போய்விட்டாள்.

அப்புறம் உங்களில் சிலர் என்னைத் தனியாகப் பார்த்து, பிள்ளையை வேறு இடத்தில் உட்கார வைக்கலாமா என்று கேட்டீர்கள். வீட்டுப் பெரியவர்கள் மனம் நோகுமே என்ற சங்கடம் எனக்குப் புரிகிறது. உறவில் நாலு பேர் பேசுவார்களே என்ற பயமும் புரிகிறது.

சிராவயல் என்றதும் நமக்கு மஞ்சுவிரட்டுதான் நினைவுக்கு வரும். அதே ஊரில்தான், பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ப. ஜீவானந்தம் காந்தி ஆசிரமம் நடத்தினார். அதற்கு முன்பு சேரன்மாதேவி குருகுலத்தில் இருந்தவர், அங்கே சாதி பார்த்துத் தனித்தனியாகச் சோறு போட்டதைப் பொறுக்காமல் வெளியே வந்தார். 1927இல் செட்டிநாட்டுக்கு வந்த காந்தி, சிராவயலுக்கே போய் அவரைப் பார்த்தார். அப்போது ஜீவாவுக்கு 20 வயது. நம்மிடம் படித்துவிட்டு இப்போது கல்லூரியில் இருக்கும் பிள்ளைகளின் வயது.

சீர்திருத்தம் என்றால் மேடைப் பேச்சு என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இன்றைய கேரளத்தில், அன்றைய திருவிதாங்கூர் அரசில் இருந்த வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்கலாம் என்று கேட்டு, 1924 மார்ச் 30இல் போராட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் தினமும் மூன்று பேர் தடுப்புப் பலகை வரை நடந்து போய்க் கைதானார்கள். மறுநாள் வேறு மூவர் வந்தார்கள். வெள்ளம் வந்தபோது தண்ணீருக்குள் நின்றார்கள். அடித்தவர்களைத் திருப்பி அடிக்கவில்லை. ஈரோட்டிலிருந்து போன பெரியார் இரண்டு முறை சிறைக்குப் போனார். தலைவர்கள் உள்ளே இருந்தபோதும் போராட்டம் நிற்கவில்லை என்றால், பெயர் தெரியாத பலர் சொன்ன நேரத்துக்கு வந்து, தன் முறையைத் தட்டாமல் செய்து, கோபத்தை அடக்கிப் பக்கத்தில் இருப்பவரைக் கைவிடாமல் நின்றார்கள் என்று அர்த்தம். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோதும் கிழக்குப் பக்கம் முழுதாகத் திறக்கவில்லை. திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் 1936இல்தான் இந்துக்களில் எல்லாச் சாதியாருக்கும் திறந்தன. அவ்வளவு பொறுமை ஒரே நாளில் வராது. பத்து வயதில் தன் முறைக்குச் செம்பைத் தூக்குவதிலும், யார் ஊற்றினாலும் டம்ளரை நீட்டுவதிலும்தான் அது பழகுகிறது.

அதனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு வரிசை மாறாது. யார் வந்து பேசினாலும் மாறாது. அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. ஒரு டம்ளர் வழியாக அதை இந்தப் பள்ளிக்குள் நான் விடமாட்டேன். மறுபடி நடந்தால் பிள்ளையைத் தண்டிக்க மாட்டேன், சொல்லி அனுப்பியவர்களைத்தான் வரச் சொல்வேன். மேலதிகாரிகளுக்கும் எழுதுவேன்.

கடுமையாகத் தெரிந்தால் மன்னியுங்கள். அந்தப் பெண் பசியோடு போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்களுக்கு நன்றி சொல்லவும் நிறைய இருக்கிறது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு அப்பத்தா பள்ளிக்கு வந்து, “நான்தான் பேரன்கிட்ட அப்படிச் சொன்னேன், தப்புத்தான்” என்றார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அந்த வயதில் இதை ஒப்புக்கொள்வது லேசில்லை. பக்கத்துப் பிள்ளைக்கும் சேர்த்து ஒரு கை புளியோதரை கட்டி அனுப்பும் தாய்மார்களையும் எனக்குத் தெரியும்.

பள்ளி திறந்ததும் வரும் முதல் வெள்ளிக்கிழமை மதியம், நேரம் இருப்பவர்கள் தட்டும் டம்ளருமாக வாருங்கள். பிள்ளைகளோடு பந்தியில் உட்காருங்கள். தண்ணீர் அவர்கள் ஊற்றுவார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்