கையுறையைக் கழற்றிய மிஸ்ஸுக்கு

மிஸ், உங்கள் பெயரைக் கேட்க அன்று தோன்றவில்லை. தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி நுவரெலியாவுக்கு வந்திருந்தேன். எனக்கு எச்.ஐ.வி. இருப்பதால், மகனுக்கும் தொற்றியிருக்கிறதா என்று டெஸ்ட் பண்ண. அவனுக்கு அப்போது ஆறு வாரம். குதிகாலில் ஊசி குத்தியதும் கத்தினான், நான் அவனைவிடச் சத்தமாக அழுதேன். வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். அதற்கு முன் பல மாதமாக யாரும் என்னைத் தொட்டதில்லை, நானும் விடவில்லை.

சாதாரண டெஸ்ட் எதிர்ப்பணுக்களைத்தான் பார்க்கும், தாயின் எதிர்ப்பணுக்கள் பிள்ளையின் இரத்தத்தில் 18 மாதம் வரைகூட இருக்கலாம், அதனால்தான் பிசிஆர் என்ற டெஸ்ட் செய்து வைரஸையே தேடுகிறோம் என்றீர்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்ததையும் சொன்னீர்கள். எனக்குப் பாதிதான் விளங்கியது.

லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீட்டில், மாமிக்கு எதுவும் தெரியாது. “ஏன்டி பால் குடுக்கல?” என்று தினமும் கேள்வி. “டொக்டர் பால்மா குடுக்கச் சொன்னாருன்னு மட்டும் சொல்லுங்க, அது பொய்யில்லையே” என்றீர்கள். அந்த ஒரு வரியால்தான் வீட்டில் சமாளித்தேன்.

கடைசி டெஸ்டும் நெகட்டிவ், மிஸ். மகன் இப்போது பிள்ளை மடுவத்தில், அதுதான் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், ஓடித் திரிகிறான். சொல்ல வந்தேன், மாற்றலாகிப் போய்விட்டீர்களாம். ரொம்ப நன்றி மிஸ்.