ஆண்டறிக்கை: இலங்கையில் பாதி பார்த்தோம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. அழகர்கோவில் நடையும் கீழடிப் பயணமும் வழக்கம்போல் முடிந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சரி, நீங்கள் காத்திருப்பது இலங்கைப் பயணத்தைப் பற்றிக் கேட்கத்தான் என்பது தெரியும். அதற்கே வருகிறேன்.

மதுரையில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அதனாலேயே 'சின்னத் தீவுதானே, ஒரே சுற்றில் முடித்துவிடலாம்' என்று பலர் நினைத்தார்கள். முகவர் ஒருவர் கொடுத்த முதல் திட்டத்தில் யாழ்ப்பாணம், திருகோணமலை, கண்டி, காலி எல்லாம் ஒரே வாரத்துக்குள் அடங்கியிருந்தன. இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதி. நடுவே மலை வேறு. கண்டியிலிருந்து நுவரெலியா எண்பது கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் வளைந்து ஏறும் சாலையில் வேன் மூன்று மணி நேரம் போல் எடுத்துக்கொள்ளும். இதோடு மழைக்கணக்கும் உண்டு. தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை மேற்கையும் தெற்கையும் நனைக்கும். வடக்குக்கும் கிழக்குக்கும் நம் ஐப்பசி, கார்த்திகை மழைதான். தீவு முழுக்க ஒரே நேரத்தில் வெயில் அடிக்கும் மாதம் அமைவது அரிது. ஆகவே தை மாதத்தில் மலையகமும் தெற்கும், மற்றவை அடுத்த முறை என்று செயற்குழு முடிவு செய்தது. திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்காகவே பெயர் கொடுத்தவர்களுக்கு வருத்தம்தான். முடிவு சரியானது என்றே இன்றும் சொல்வேன்.

சிகிரியாவில் "யானைமலையே ஏறியவன் நான்" என்று கிளம்பிய உறுப்பினர் ஒருவர், பாறையின் பாதியில் இருக்கும் சிங்கப் பாதங்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். ஐந்தாம் நூற்றாண்டில் தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறிய காசியப்பன், தம்பிக்குப் பயந்து கட்டிய கோட்டை அது. படிகள் ஏறக்குறைய 1,200. குளவி கலையும், சத்தம் போடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். நம் குழுவை அமைதிப்படுத்த இதுவரை அதைப்போல் உதவியது எதுவுமில்லை.

கண்டியில்தான் எல்லோரும் நின்று பார்த்தோம். 1739இல் வாரிசு இல்லாமல் அரசர் இறந்தபோது, மதுரை நாயக்கர் வழியில் வந்த அரசியின் சகோதரர் அரியணை ஏறினார். கண்டி நாயக்கர் வம்சம் அப்படித் தொடங்கியது. அடுத்து வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சயாம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து, தளர்ந்திருந்த பௌத்தத்தை நிமிர்த்தினார். புத்தரின் பல் வைத்திருக்கும் தலதா மாளிகைக்கு எதிரே இருக்கும் ஏரி, கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டியது. 1815இல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து வேலூருக்குக் கொண்டுவந்தார்கள், 1832இல் இறந்தார். திருமலை நாயக்கர் மகாலை நூறு முறை பார்த்த நமக்கு இந்தக் கதை ஒருவர் வாயிலாகவும் வரவில்லையே என்று ஏரிக்கரையில் பெரிய பேச்சே நடந்தது.

நுவரெலியா அருகே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், நாங்கள் மதுரை என்றதும் நிமிர்ந்து, "எங்க தாத்தாவும் அந்தப் பக்கந்தாங்க, ஊர் பேருதான் தெரியல" என்றார். பேசும்போதும் கை நிற்கவில்லை. இரண்டு இலை, ஒரு குருத்து, தோளுக்குப் பின்னால் கூடைக்குள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டதைச் சொல்லும் பலகைகளைப் பார்த்தோம். அந்தத் தோட்டங்களுக்கு ஆள் போனது நம் மாவட்டங்களிலிருந்து. 1948இல் அவர்களில் பெரும்பாலோர் குடியுரிமை இழந்ததையும், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கு பிரித்ததையும் அந்த அம்மாவிடம் கேட்டால் போதும்.

எல்ல என்ற மலையூர் வரை ரயில், ஒன்பது வளைவுப் பாலம், அப்புறம் காலிக் கோட்டை. படங்கள் சங்க அறையில் இருக்கின்றன.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு சேர்ப்பார்கள். சைவம் என்று சொன்னால் மட்டும் போதாது, மாசி போட்டதா என்று கேட்க வேண்டும். கேட்காமல் சாப்பிட்டு "ருசியே தனி" என்று பாராட்டியவர் பெயரை இங்கே சொல்லவில்லை. கொத்து ரொட்டியா, நம்மூர் கொத்து பரோட்டாவா என்ற வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. பௌர்ணமி அன்று மதுக்கடைகள் மூடியிருக்கும். சிலருக்கு மட்டும் இது முக்கியமான தகவல்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பது வடக்கும் கிழக்கும். சம்பந்தர் பாடிய திருக்கோணமலை, கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில், நயினாதீவு. ஆடி, ஆவணியில் போனால் நல்லூரின் இருபத்தைந்து நாள் திருவிழாவும் கிடைக்கும், கிழக்குக் கடலும் அமைதியாக இருக்கும். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. இடையிடையே நின்றும் இருக்கிறது. அதனால் கப்பலை நம்பி மட்டும் திட்டம் போடாமல் விமானத்தையும் விசாரித்து வைப்போம்.

பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்குள் காலாவதியாகிறவர்கள் இப்போதே புதுப்பித்துக்கொள்ளவும். பெயரையும் முன்பணத்தையும் சித்திரைத் திருவிழா முடிந்த வாரத்துக்குள் பொருளாளரிடம் கொடுக்கவும். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்